பிடிமானம்

ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே நின்றுவிட்டது.
விளக்கு போயிற்று, விசிறியும்.
பேட்டரி விளக்குகூட வரவில்லை,
யாரோ மாற்ற மறந்திருக்கிறார்கள்.
கையில் ஒரு பை: அரை கிலோ வெண்டைக்காய்,
மூன்று வாழைப்பழம், ரத்த அழுத்த மாத்திரை.
மணியை ஒருமுறை அழுத்தினேன்.
வருவார்கள். நாற்பது நிமிடம் ஆகும்.
முப்பத்தெட்டு வருடம்
அப்படி வந்து திறந்தவன் நான்.

வானொலியில் மின்தூக்கி என்பார்கள்.
நாங்கள் லிஃப்ட் என்போம்.
என்னோடு வேலை பார்த்த டெக் ஹுவாட்
ஹொக்கியனில் அதற்கு வைத்த பெயரை
இங்கே சொல்ல முடியாது,
நீ கேட்டுக்கொண்டிருக்கிறாய்.

கோயிலில் உன்னை ‘நீர்’ என்றுதான் சொல்வேன்.
ஞாயிறு, இஸ்திரி போட்ட சட்டை,
போதகர் மகனின் கிட்டார்.
இந்த இருட்டில் யார் பார்க்கப் போகிறார்கள்,
‘நீ’ என்றே இருக்கட்டும்.

உன்னோடு எனக்கொரு பழைய கணக்கு இருக்கிறது.

தோ பாயோவில் அப்போதெல்லாம் இந்த லிஃப்ட்
ஒன்று, ஐந்து, ஒன்பது,
அவ்வளவுதான் நிற்கும்.
எங்கள் வீடு ஏழில்.
நேசமணிக்குச் சிறுநீரகம் பழுதான பிறகு
வாரம் மூன்று நாள், நான்கு வருடம்,
பிளாஸ்டிக் நாற்காலியில் அவளை உட்காரவைத்து
முப்பத்திரண்டு படி இறக்கினேன்,
முப்பத்திரண்டு படி ஏற்றினேன்.
தீவு முழுக்க லிஃப்ட் பழுதுபார்ப்பவன்
சொந்த மனைவியைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டில்.
அவள் படிக்கொரு வசனம் சொல்லுவாள்.
நான் படிக்கொரு தரம் உன்னைக் கேட்டேன்:
இன்னும் இரண்டே மாடி,
உன்னால் ஏறி வர முடியாதா?

நீ வாய் திறக்கவில்லை.
அவள் போன மறுவருடம் வந்தார்கள்,
சுவரை உடைத்து எல்லா மாடிக்கும் கதவு வைத்தார்கள்.
ஏழில் அது முதல்முறை திறந்தபோது
நான் உள்ளே போகவில்லை.
ஆறு மாதம் ஐந்துவரை நடந்தே இறங்கினேன்,
உனக்குத் தெரியட்டும் என்று.

சற்றுமுன் தலைக்கு மேலே ‘டக்’கென்று ஒரு சத்தம்.
அது என்னவென்று எனக்குத் தெரியும்.
ஜனங்கள் நினைக்கிறார்கள்,
மின்சாரம்தான் பெட்டியைத் தாங்குகிறது,
அது போனால் விழுந்துவிடும் என்று.
பிரேக்கைப் பிடித்திருப்பது ஒரு சுருள்வில்.
பிடிப்பதுதான் அதன் சுபாவம்.
மின்சாரம் வந்து விலக்கிவைத்தால் பெட்டி நகரும்;
எல்லாம் அணைந்த நொடியில்
அது யாரையும் கேட்காமல் கவ்விக்கொள்ளும்.
கழற்றி, துடைத்து, தேய்மானத்தை விரலால் தடவிப் பார்த்து
எத்தனை மாட்டியிருப்பேன்.
ஒருநாளும் உன்னை அதோடு சேர்த்து நினைத்ததில்லை.

ஆறாம் மாடி ரோஸ்லான்
இரவெல்லாம் டாக்சி ஓட்டிவிட்டு
அதிகாலை ஐந்தரைக்கு, கைலியை மடித்துக் கட்டி,
எங்கள் படிமுகப்பில் நிற்பான்.
நாற்காலியின் முன்கால்கள் அவன் கையில்.
மதியம் ஏற்றும்போது அவன் மகன்.
நான் கூப்பிட்டதே இல்லை.
ஏன் என்று ஒருதரம் கேட்டேன்.
“சத்தம் கேட்டது,” என்றான். அவ்வளவே.
நான்கு வருடத்தில் நாற்காலி
ஒருமுறைகூட நழுவவில்லை.

இதை எந்தப் பக்கத்தில் எழுதுவதென்று
இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.
அந்த இரண்டு மாடி பாக்கி பாக்கிதான்,
அதை நான் அழிக்கப் போவதில்லை.
ஆனால் எழுபத்து நான்கு வயதில்,
அதே இரண்டு மாடிக்கு இடையில்,
அந்தரத்தில் நிற்கிறேன்,
விழாமல்.

மேலே யாரோ கதவைத் தட்டுகிறார்கள்.
தஞ்சாவூர்ப் பக்கத்துப் பேச்சு:
“ஐயா, பயப்படாதீங்க, இதோ வந்துட்டோம்.”
“பயமில்லப்பா,
அவசரப்படாம பண்ணுங்க,” என்றேன்.

பிறகு தரையில் உட்கார்ந்து
ஒரு வாழைப்பழத்தை உரித்தேன்.